மாரிக்கு ரெயிலரைப் பொதிந்து கட்டாதீர்கள், மேலே கூரை போடுங்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

நல்லூர்த் திருவிழா முடிந்ததும் வானுக்குப் பின்னால் கொளுவி இழுக்கும் கடைப்பெட்டிகளில் பல வளவுகளில் சும்மா நிற்கத் தொடங்கும். படுக்கையும் சிறு குசினியும் வைத்த சுற்றுலா ரெயிலர்களின் நிலையும் அதுதான். உள்ளே விடக் கொட்டகை இல்லாதவர்கள், ஐப்பசி மழை இறங்கிய அன்று ஓடிப்போய் நீலத் தறப்பாள் ஒன்று வாங்கி, பெட்டியை மேலிருந்து நிலம் வரை சுற்றி நைலோன் கயிற்றால் இறுக்கிவிடுகிறார்கள். தை பிறந்து அவிழ்த்துப் பார்த்தால் ஒட்டுப்பலகை ஊதியிருக்கும், மெத்தையில் பூஞ்சணம் படர்ந்திருக்கும், அலுமினியத் தகட்டில் வெள்ளைத் தூள் பூத்திருக்கும். ஒன்றுமே போடாமல் மழையில் நின்ற பெட்டி சில வேளை இதைவிட நல்ல நிலையில் இருக்கும். குற்றம் மழையில் இல்லை, கட்டிய விதத்தில் இருக்கிறது. வாகனக் கூடு கட்டும் தொழிலில் இருப்பவர்கள் என்ற வகையில், மாரிக்கு முன் இதைச் சற்று விரிவாகச் சொல்ல இடம் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

குடாநாட்டின் ஆண்டு மழையில் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையிலேயே பெய்துவிடுகிறது. ஆனால் விடாமல் பெய்வதில்லை. இரண்டு நாள் கொட்டும், மூன்றாம் நாள் சுள்ளென்று வெயில் எறிக்கும். அந்த வெயிலில் ஈரமண் ஆவி விடும். தறப்பாள் நிலம் வரை இறங்கியிருந்தால் ஆவி வெளியேற வழியில்லாமல் பெட்டியைச் சுற்றி நிற்கும். இரவில் தறப்பாள் குளிர்ந்ததும் அதன் உட்புறத்தில் துளித்துளியாகக் கட்டி, பெட்டியின் மேல் சொட்டும். மழை விட்டும் தூவானம் விடாத கதை தறப்பாளுக்குள் தினமும் நடக்கிறது. திறந்த வெளியில் நனைந்த தகடு ஒரு மணி நேர வெயிலில் காய்ந்துவிடும். பொதிந்து கட்டியது மூன்று மாதம் காயாது. நாகமுலாம் பூசிய தகடாக இருந்தாலும், காற்றுப் படாமல் ஈரத்தில் கிடந்தால் முலாமே வெள்ளையாக அரித்துப்போகும்.

வெளிநாட்டு உறவுகள் தொலைபேசியில் சொல்லும் முறையை அப்படியே இங்கு செய்வோரும் உண்டு. கனடாவில் குளிர்காலத்துக்கு ரெயிலரை மூடும்போது அவர்களுக்கு முதற் கவலை குழாய்க்குள் தண்ணீர் உறைந்து குழாய் வெடிப்பது, அடுத்தது கூரையில் ஏறும் பனியின் பாரம். அதற்காகத்தான் தண்ணீர்த் தொகுதியை வடித்து உறையாத் திரவம் விடுகிறார்கள், காற்று ஊடுருவும் துணியுறையால் மூடுகிறார்கள். இங்கே உறையாத் திரவத்துக்கு வேலையே இல்லை. அந்தத் துணியுறையும் நம் கார்த்திகை மழையில் சில மணி நேரத்துக்குள் ஊறி, உள்ளே கசியத் தொடங்கும். யாரேனும் அனுப்பி வைத்திருந்தால் வீசவேண்டாம். கூரை ஒன்றின் கீழ், தூசிக்குப் போடும் உள்ளுறையாக அது நன்றாக உழைக்கும்.

ஆகவே இங்கு தேவை பெட்டியைத் தொடாத கூரை. மேலே சரிவு, பக்கங்களில் பாதி வரை தொங்கல், கீழே திறப்பு. பெட்டியின் பக்கச் சுவர் நனைந்தால் நனையட்டும். சுவர் நனைவதற்கென்றே கட்டப்பட்டது. தண்ணீர் உள்ளே போவது பெரும்பாலும் கூரையும் சுவரும் சந்திக்கும் மூட்டு, கூரையில் துளைத்த புகைக் குழாய், காற்றுத் திறப்பு, மேல் விளக்கு ஆகிய இடங்களால்தான். அவற்றுக்கு மேல் தண்ணீர் நிற்காமல் பார்த்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

முதலில் தறப்பாள். கடையில் நிறத்தைப் பார்த்து வாங்குகிறார்கள், தராசில் வைத்து வாங்க வேண்டும். 12 அடிக்கு 15 அடித் தறப்பாளின் பரப்பு ஏறக்குறைய 16.7 சதுர மீற்றர். சதுர மீற்றருக்கு 200 கிராம் என்று சொல்லி விற்கும் தறப்பாள் உண்மையில் அந்த நிறையுடையதானால், மடித்து வைத்ததைத் தூக்கித் தராசில் வைக்க 3.3 கிலோவுக்குக் கிட்டக் காட்ட வேண்டும். ஒன்றரைக் கிலோ காட்டினால் அது 90 கிராம் சாமான். அந்த மெல்லிய நீலத் தறப்பாள் வெயிலில் சில மாதத்திலேயே நொறுங்கி, இழை இழையாக உதிரும். வெளிப்பக்கம் வெள்ளி நிறமும் உட்பக்கம் கறுப்புமாக வருவது நல்லது. வெள்ளி வெப்பத்தைத் திருப்பும், கறுப்பில் கலந்துள்ள கரி சூரிய ஒளி பிளாஸ்ரிக்கைத் தின்னாமல் காக்கும். கடைக்காரர்கள் நிறையைக் கேட்காமலே சொல்லி விற்றால் நன்று. பழைய லொறிப் படங்கு கிடைத்தால் அதுவும் பாவிக்கலாம். நூற்படங்கு காற்று விடும், நனைந்தால் இழை ஊதித் தண்ணீரை அடைக்கும். ஆனால் உட்புறத்தில் ஏதாவது முட்டிக்கொண்டிருந்தால் அந்த இடத்தால் ஒழுகும். ஈரத்தோடு மடித்தால் கறுத்து உக்கும்.

10 அடி நீளம், 6 அடி அகலமுள்ள சிறு பெட்டிக்கு மேற்சொன்ன 12க்கு 15 போதும். அதற்கு மேல் பெரியது வாங்கினால் காற்றுக்குக் கூடுதல் பாய் விரித்துக் கொடுப்பதாகவே முடியும்.

இனி, தறப்பாளைத் தாங்கி நிற்கும் சட்டம். பலர் பெட்டியின் கூரையிலேயே இரண்டு பலகையை வைத்து, அதன் மேல் தறப்பாளை விரிக்கிறார்கள். சில நாளில் நடுவே தொய்வு விழுந்து தண்ணீர் தேங்கும். ஒரு மீற்றர் நீளம், ஒரு மீற்றர் அகலத்தில் சராசரி 5 சென்ரிமீற்றர் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால் அது 50 லீற்றர், அதாவது 50 கிலோ. மெல்லிய அலுமினியக் கூரை அந்தப் பாரத்துக்கு வளையும். வளைந்தால் இன்னும் கூடத் தேங்கும், அடுத்த மழைக்கு மூட்டு விடும். கூரையில் கண்ணாடி போன்ற பிளாஸ்ரிக் திறப்பு இருந்தால் அதுதான் முதலில் வெடிக்கும்.

சட்டம் நிலத்தில் ஊன்றி, பெட்டியைத் தொடாமல் நிற்க வேண்டும். ஆறு கால்கள்: நான்கு மூலைக்கு நான்கு, முன்னும் பின்னும் முகட்டைத் தாங்க இரண்டு. ஒன்றரை அங்குல இரும்புக் குழாயோ நல்ல கமுகோ போதும். முகடு, ஓரத் தடியைவிட ஒன்றரை அடி உயரமாக இருக்கட்டும். அந்தச் சரிவில் தண்ணீர் தங்காது. முகட்டுத் தடிக்கும் பெட்டிக் கூரைக்கும் இடையில் குறைந்தது ஒரு அடி இடைவெளி வேண்டும். முகட்டிலிருந்து ஓரத்துக்கு மூன்றடிக்கு ஒன்றாகப் பனஞ்சலாகையோ பிவிசி குழாயோ வைத்துக் கட்டினால் தறப்பாள் தொய்யாது. சலாகையின் சிராம்பையும் விளிம்பையும் சீவி, தறப்பாள் தொடும் இடமெல்லாம் குளிரூட்டிக் குழாய்க்கு மாட்டும் கறுப்பு நுரை உறையைப் பிளந்து போட்டுவிடுங்கள். சாக்கும் பழைய சாரமும் வேண்டாம். அவை தண்ணீரைப் பிடித்து வைத்து அந்த இடத்திலேயே தறப்பாளை உக்க வைக்கும்.

வலிகாமத்தில் பல இடங்களில் இரண்டடி தோண்டமுன் சுண்ணக்கல் பாறை தட்டும். அங்கே காலை ஊன்றப் பாடுபட வேண்டியதில்லை. 20 லீற்றர்ப் பெயின்ற் வாளிக்குள் குழாயை நிறுத்தி கொங்கிரீட் நிரப்பினால் ஒவ்வொன்றும் 48 கிலோ அளவில் வரும். ஆறு வாளிக்கு 288 கிலோ. இவ்வளவு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் அடிக்கும் காற்று ஒரு சதுர மீற்றரில் ஏறக்குறைய 17 கிலோ பாரத்துக்குச் சமமாக அழுத்தும். இந்தக் கூரையின் மேற்பரப்பு 13 சதுர மீற்றர் வரும். அடியால் புகுந்து தூக்கினால் 220 கிலோவுக்கு ஈடான இழுவை. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் இழுவை நான்கு மடங்காகும். ஆகவே 288 கிலோ என்பது சாதாரண வாடைக்குத்தான் காணும், புயலுக்கு அல்ல. 2008 நவம்பரில் நிஷா வந்ததையும் 2020 டிசம்பரில் புரெவி வந்ததையும் பார்த்தவர்கள் நாங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் தறப்பாளைக் கழற்றி மடித்து வீட்டுக்குள் வையுங்கள். பெட்டி ஒரு நாள் நனையலாம். பாய்போல் விரிந்த தறப்பாள் சட்டத்தோடு பிடுங்கிப்போய் அயலவர் கூரையிலோ மின்கம்பியிலோ விழக்கூடாது. அந்த நாளில் கயிறு கட்ட வேண்டியது பெட்டிக்குத்தான். அதன் அடிச்சட்டத்தை நான்கு பக்கமும் உறுதியான முளைகளோடு பிணைத்துவிட வேண்டும். வெறும் பெட்டி இலேசானது, பக்கக் காற்றுக்குப் புரளும்.

மாரிக் காற்று வடகிழக்கிலிருந்து வருவதால் பெட்டியின் ஒடுங்கிய முகப்பை அந்தத் திசைக்குத் திருப்பி நிறுத்துங்கள். வடகிழக்கு முகப்பில் தறப்பாளைக் கூடுதலாக இறக்கி மடித்துக் கட்டலாம். தென்மேற்குப் பக்கம் திறந்தே இருக்கட்டும், ஆவி போகும் வாசல் அதுதான். பக்கத் தொங்கல் ஒன்றரை அடிக்கு மேல் வேண்டாம்.

கட்டும் விதத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நைலோன் கயிறு நனைந்தால் நீளும், தும்புக் கயிறு நனைந்தால் சுருங்கும். காலையில் இறுக்கிய நைலோன் இரவு மழையில் தளர்ந்து, தறப்பாள் படபடக்கத் தொடங்கும். அந்தப் படபடப்புத்தான் தறப்பாள் ஓரத்தில் கயிறு கோக்கும் கண்ணியைப் பிய்க்கிறது. தும்புக் கயிறானால் எதிர்ப்பக்கமாக, மழையில் இறுகி கண்ணியை இழுத்து அறுக்கும். இரண்டுக்கும் மருந்து பழைய சைக்கிள் ரியூப். ஒரு அங்குல அகல வாராக வெட்டி, கண்ணிக்கும் கயிற்றுக்கும் இடையில் வளையமாகப் போட்டால் காற்றடிக்கும்போது இழுபட்டு, விட்டதும் திரும்பும். மூன்றடிக்கு ஒரு கட்டாவது வேண்டும். கண்ணி பிய்ந்துவிட்டால் புதிதாகத் துளைக்காதீர்கள். அந்த இடத்தில் ஒரு சிறு உருண்டைக் கல்லை உள்ளே வைத்து, தறப்பாளோடு சேர்த்துக் கழுத்தில் கயிற்றைச் சுருக்கிக் கட்டுங்கள். கண்ணியைவிட அது பலமாக நிற்கும். தறப்பாள் பெட்டியின் பெயின்றில் உரசும் இடம் ஒன்றுகூட இருக்கக் கூடாது. செம்மண் தூசி நடுவில் அகப்பட்டால் அது அரத்தாளாகி, ஒரே மாரியில் பெயின்றைத் தேய்த்து அடிப்பூச்சைக் காட்டிவிடும்.

கிடுகு கிடைக்கும் ஊர்களில் தறப்பாளே தேவையில்லை என்பது எங்கள் எண்ணம். இதே சட்டத்தின் மேல் நெருக்கமாகக் கிடுகு வேய்ந்தால் வெப்பம் தாங்கும், ஆவி போகும், உட்புறம் சொட்டாது. சரிவை மட்டும் இன்னும் கூட்ட வேண்டும். கறையானும் எலியும் வருவது அதன் குறை. அதற்காகக் கால்களின் அடியில் கழிவு எண்ணெய் ஊற்றும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். சுண்ணக்கல் நிலத்தில் ஊற்றியது கிணற்றுக்குத்தான் போகும். எண்ணெய் கலந்து சுன்னாகம் பக்கத்துக் கிணறுகள் பட்ட பாட்டை ஊர் இன்னும் மறக்கவில்லை.

நிறுத்தும் இடத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. தென்னையின் கீழும் பனையின் கீழும் வேண்டாம். முருங்கையின் கீழும் வேண்டாம், அதன் கொப்பு சிறு காற்றுக்கே முறியும். மழைத் தண்ணீர் ஓடும் வாய்க்கால் எது என்று வளவுக்காரருக்குத் தெரியும், அதை விலத்தி நிறுத்தினால் சரி. அடியில் புல்லைச் செருக்கி, கட்டட வேலைக்குப் போடும் 1000 கேஜ் பொலித்தீனைச் சரிவாக விரித்து, மேலே கொஞ்சம் சல்லி பரப்பினால் மண்ணிலிருந்து எழும் ஆவி வெகுவாகக் குறையும். பெட்டியை ஒரு பக்கம் இரண்டு அங்குலம் சரிவாக நிறுத்துவதும் உதவும். முன் தாங்கற்சில்லைச் சற்று உயர்த்திவிட்டால் கூரையில் விழுந்த துளி பின்பக்கமாக வழிந்துவிடும்.

மூடுமுன் கூரை மூட்டுகளைப் பார்த்தாக வேண்டும். கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவிட்டு, வெடித்த பசையை முழுதாகச் சுரண்டி எடுத்தபின் புதிது பூசுங்கள். பழைய சிலிக்கோனுக்கு மேல் புதிய சிலிக்கோன் பிடிக்காது. பூசும்போது வினாகிரி மணம் வரும் மலிவான சிலிக்கோனைத் தகட்டு வேலைக்குப் பாவிக்கவே கூடாது. அது காயும்போது விடும் அமிலம் அலுமினியத்தையும் நாகமுலாமையும் அரிக்கும். மணமில்லாத வகையோ பொலியூரிதேன் பசையோ கேட்டு வாங்குங்கள். ஈரத் தகட்டில் எதுவும் ஒட்டாது, ஆகவே இந்த வேலை புரட்டாசிக்குள் முடிய வேண்டும்.

உள்ளே இருக்கும் சாமான்களில் காஸ் சிலிண்டர் முதலில் வெளியேற வேண்டும். காஸ் காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் மூடிய பெட்டியின் தரையிலேயே தேங்கி நிற்கும். சிலிண்டரை நிமிர்த்தி, காற்றோட்டமான வெளியிடத்தில் வையுங்கள். குளிர்சாதனப் பெட்டியைத் துடைத்து, கதவு மூடாமல் ஒரு கட்டையைக் கொடுத்து விடுங்கள். மெத்தைகளைச் சுவரில் சாய்த்து நிறுத்துங்கள். மா, சீனி, எண்ணெய் ஒன்றும் மிஞ்சக் கூடாது. வாசம் பிடித்து வரும் எலி அதோடு வயரையும் கடிக்கும். விரல் நுழையும் துவாரம் எல்லாவற்றையும் இரும்பு வலையால் அடையுங்கள். காற்றுத் திறப்பை அடைத்துவிடாமல் அதற்கும் வலையே போடுங்கள். ஈரத்துக்கென்று சிலர் சுண்ணாம்புச் சட்டி வைக்கிறார்கள். காற்றோடும் பெட்டிக்குள் அதற்குப் பலன் இல்லை, உலகத்து ஈரம் முழுவதையும் அதால் குடிக்க முடியாது. தண்ணீர் விழுந்தால் சுண்ணாம்பு கொதிக்கும் ஆபத்து வேறு.

பற்றரியைக் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள். நிறைவாக ஏற்றியது 12.6 வோல்ற் காட்டும். மாதம் ஒரு தடவை பார்த்து 12.4க்குக் கீழே இறங்கினால் ஏற்றுங்கள். இறங்கிய நிலையிலேயே கிடந்தால் உள்ளிருக்கும் தகடுகளில் கந்தகேற்று என்ற உப்புப் படிந்து, பிறகு ஏற்றினாலும் பிடிக்காது. ரயருக்கு அதன் பக்கத்தில் பொறித்திருக்கும் உச்ச அளவு வரை காற்றடித்து, கீழே பலகை கொடுங்கள். கைப் பிறேக்கை இழுத்துவிட்டு மூன்று மாதம் நிறுத்தினால் பிறேக் சப்பாத்து துருவோடு ட்ரம்மில் ஒட்டிவிடும். பிறேக்கை விட்டு, சில்லுக்கு முன்னும் பின்னும் கட்டை போடுவதே முறை. சிலர் அச்சைத் தூக்கிச் சீமெந்துக் கல்லில் இருத்துகிறார்கள். உள்ளீடற்ற கல் புள்ளிப் பாரத்துக்கு வெடிக்கும், அதற்குப் பனங்குற்றி நல்லது.

டெங்கு விடயம் வீட்டுக்காரரோடு நிற்பதில்லை. யாழ்ப்பாணத்தில் மாரி மழையோடுதான் டெங்கு ஏறுகிறது. தறப்பாளின் ஒரு மடிப்பில் ஒரு சிரட்டை அளவு தண்ணீர் தேங்கினாலே நுளம்புக்குப் போதும். முட்டை நுளம்பாக எட்டுப் பத்து நாள்தான் செல்லும். எனவே மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாரத்துக்கு ஒரு நாள் ஒரு தடியால் தொய்வுகளைத் தட்டி வடித்து, கட்டுகளை இழுத்துவிட வேண்டும். பெட்டியின் தண்ணீர்த் தாங்கியை முழுதாக வடித்து மூடியை இறுக்குங்கள். மேலதிக ரயரை வெளியில் தொங்கவிடாதீர்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் சிரட்டையையும் பூச்சாடியையும் பார்ப்பதுபோல், வளவில் நிற்கும் மூடிய வாகனங்களின் தறப்பாள் மடிப்புகளையும் பார்க்க வேண்டும் என்பது எங்கள் வேண்டுகோள். கார், முச்சக்கரவண்டி, படகு என்று எல்லாவற்றிலும் இதே மடிப்புகள் இருக்கின்றன.

மழை ஓய்ந்து தைப்பொங்கலுக்குப் பின் அவிழ்க்கும்போது, தறப்பாள் இரண்டு பக்கமும் காய்ந்த பின்னரே மடியுங்கள். பெட்டியைக் கதவு திறந்து ஒரு பகல் முழுக்கக் காயவிடுங்கள். வீதியில் இழுக்கமுன் சில்லைத் தூக்கிச் சுழற்றிப் பாருங்கள். கரகரத்தால் பெயரிங்கில் தண்ணீர் புகுந்திருக்கிறது, கழற்றிக் கழுவிப் புதுக் கிறீஸ் வைக்க வேண்டும். சில்லு நட்டுகளை இறுக்கி, பின் விளக்குகளைச் சோதியுங்கள். சிலிண்டரைத் திரும்பக் கொளுவியதும் அடுப்பை மூட்டாமல், இணைப்புகளில் சவர்க்கார நுரை பூசிக் குமிழி எழுகிறதா என்று பாருங்கள். குழாயை எலி கடித்திருந்தால் அந்த இடத்தில் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
வாகனக் கூடு வேலை செய்வோர் சிலர்,
யாழ்ப்பாணம்.